ஒன்பதுக்கு ஒன்பது

கதவில் 'மணமகன் அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே கிருபாகரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தான். கவனிக்கவே கூடாத விஷயம் அது. ஆரம்பித்துவிட்டால் மூச்சு தன்பாட்டுக்கு வந்துபோவதை நிறுத்திக்கொண்டு, இழுக்கட்டுமா, விடட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் அவனிடம் உத்தரவு கேட்கத் தொடங்கிவிடும். இழு. விடு. வாயால் விடு, மூக்கு வேண்டாம். மணி இரண்டு பத்து. கீழே சாப்பாட்டுக் கூடத்தில், நேற்று கல்யாணத்துக்கு இலை போட்ட நீள மேஜைகளின் மேல் இன்று வீடியோ விளையாட்டுப் போட்டிக்காகப் பதினான்கு திரைகளை வைத்திருந்தார்கள். சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. அது மாடிப்படி ஏறி இந்த அறைவரை வந்து ஏசிக் குளிரோடு கலந்து, ஈரத்துணி மாதிரி முகத்தில் படிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், இன்னும் நான்கு ஆட்டம் முடிந்ததும் கிருபாகரன், ஜுலைகா இருவரும் பெரிய மேடைக்கு வரவேண்டும் என்றது. கூடத்தில் நானூறு பேர் ஒரு சத்தம் போட்டார்கள். கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை, சண்டை எப்போது வரும் என்று காத்திருக்கிற தெருமுனைக் கூட்டம் போடுகிற சத்தம். அவனுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். பத்து வருஷமாக அதைக் கேட்டுத்தான் அவன் சாப்பிட்டிருக்கிறான். கொழும்பில் தோற்றபோது மேஜையைக் குத்தி அதன் விளிம்பை உடைத்தான், பெங்களூரில் ஜெயித்துவிட்டு எதிராளி நீட்டிய கையைப் பார்க்காததுபோல் எழுந்துபோனான், இரண்டு தடவையும் அபராதம் போட்டார்கள், இரண்டு தடவையும் அவனைப் பின்தொடர்கிறவர்கள் இரட்டிப்பானார்கள். கோபக்காரன் என்று ஒரு பெயர் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் கடைசி எட்டுப் பேரில் ஒருவனாக வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த உடைந்த மேஜையை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேஜை யாரிடமும் போய் அழுவதில்லை. இழு. விடு. இது மேஜை இல்லை.

இது மேலப்பாளையத்துப் பெண். பதினான்கு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் அரையிறுதியில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு இருபது வயது, அவனுக்கு முப்பது ஆகியிருந்தது. 'ரணகளம்' என்ற அந்த விளையாட்டில் முப்பது என்பது தாத்தா வயசு. திரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு நொடி அறுபதாகப் பிரிந்து கிடக்கும், அந்த அறுபதில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள்தான் சோறு போடும். அவன் ஆடுவது கொல்லனை வைத்து. சம்மட்டி தூக்கிய தாட்டியான ஆள், மெதுவாக நடப்பவன். கொல்லன் கீழே கீழே என்று அடித்துக்கொண்டே வருவான், எதிராளி குனிந்து தடுத்துக்கொண்டே இருப்பான், அப்போது திடீரென்று மேலிருந்து சம்மட்டி விழும். குனிந்திருப்பவன் தலையில் விழும். அதைத் தடுக்க எழுந்து நிற்க வேண்டும், எழுந்து நிற்க அவனுக்குக் கிடைப்பது கால் நொடிகூட இல்லை. கண்ணால் பார்த்துத் தடுக்க முடியாது என்பதில்லை, முடியும், பத்துக்கு இரண்டு, மூன்று தடவை, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். சம்மட்டிதான் அவன் வாழ்க்கை. அன்றைக்கு அவன் ஒன்பது தடவை சம்மட்டியைப் போட்டான், அவள் ஒன்பது தடவையும் எழுந்து நின்றாள். ஒன்பதுக்கு ஒன்பது. ஒருமுறைகூட அவசரப்படவில்லை, ஒருமுறைகூட வீணாக எழவில்லை, வாசல்மணி கேட்டு எழுந்துபோகிற மாதிரி எழுந்தாள். மூன்றுக்குப் பூஜ்யம். அவள் கையில் இருந்தது கடையில் வாங்கிய ஆட்டக் கருவி இல்லை. அவள் வாப்பா காதர் மைதீன் மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், அவர் கையாலேயே மரப்பெட்டி அறுத்து, பன்னிரண்டு பொத்தான் பதித்து, வயர் வைத்துக் கொடுத்தது. முடிந்ததும் அவள் எழுந்து, "ரொம்ப நன்றிண்ணே, ஒங்க ஆட்டத்தப் பாத்துதான் நான் படிச்சேன்" என்றாள். அந்த 'அண்ணே'தான் அவனைக் கொன்றது. தோற்றவனுக்குத் தருகிற மரியாதை. அவன் பெட்டியைக் காட்டி, இதைத் திறந்து பார்க்கலாமா என்று நடுவரிடம் கேட்டான். ஒலிவாங்கி திறந்திருந்தது தெரியாது என்று பிறகு சொன்னான். திறந்திருந்தது அவனுக்குத் தெரியும்.

மேடையிலேயே திருப்புளி கொண்டுவந்து திறந்தார்கள். நான்கு திருகு. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ தன் புத்தகப்பையைக் கொட்டிப் பார்ப்பதைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. தானாகத் தடுத்துத் தருகிற எதுவும் உள்ளே இல்லை, வயர், ஒரு சிறிய பலகை, ஈயப்பற்று. அதோடு விட்டிருக்கலாம். அவன் சென்னைக்கு வந்து ஆட்டத்தின் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் ஒவ்வொரு துண்டாக எண்ணினான். சம்மட்டி அசைந்து பத்தாவது, பதினோராவது துண்டில் அவள் எழ ஆரம்பிக்கிறாள், ஒன்பது தடவையும் பதினொன்று, பத்து, பதினொன்று. எந்த மனிதக் கையும் அவ்வளவு சீக்கிரம் போகாது. நாற்பத்து மூன்று நிமிட வீடியோ. தலைப்பில்கூட கேள்விக்குறிதான் போட்டான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறேன் என்று வீடியோவில் நான்கு இடத்தில் சொல்கிறான், நான்கு இடத்திலும் குற்றம்தான் சொல்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். அமைப்புக்குழு விசாரித்து, சந்தேகம் நிரூபிக்கப்படவில்லை, முற்றிலும் நீங்கவும் இல்லை என்று ஒரு தாள் வெளியிட்டது. நீங்கவும் இல்லை. அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது. காதர் மைதீன் கடைக்கு போன் செய்து, போனுக்குள்ளேயும் ஏதாவது வைத்துத்தான் தருவீர்களா என்று கேட்டார்களாம். அவளுக்கு என்னென்ன எழுதினார்கள் என்று அவன் ஒருநாள் கொஞ்ச நேரம் படித்தான், பிறகு மூடிவிட்டான், தான் அப்படியெல்லாம் எழுதச் சொல்லவில்லையே என்று நினைத்தான். சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான். குழு கூப்பிட்டுக் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "அவங்க அடிக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு சொல்லத் தெரியல." அதற்கு எவ்வளவு சிரித்தார்கள். அதை அச்சடித்து பனியன்கூட போட்டார்கள். அவன்கூடச் சிரித்தான். மூக்கால் சிரித்தான், மூக்கு, மறுபடி மூக்கு, வாயால் விடு.

கதவைத் தள்ளிக்கொண்டு வித்யாசாகர் வந்தார். அவன் ஆடும் பருந்து அணியின் மேனேஜர், எப்போதும் இரண்டு போன், எப்போதும் ஒன்றில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் மூன்று ஆட்டம்தான் என்றார். நேரலையில் இப்போதே எழுபதாயிரம் பேர் இருக்கிறார்கள், இந்த ஆட்டத்துக்காகத்தான் இருக்கிறார்கள், குலுக்கலில் இப்படி முதல் சுற்றிலேயே விழுந்தது நம் யோகம் என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவரே சொல்லிவிட்டார்: கை கொடுக்கணும், சிரிக்கணும், உட்காரணும். பழைய கதையைப் பற்றி எவன் மைக்கை நீட்டினாலும் ஆட்டம் பதில் சொல்லும் என்ற ஒரே வரிதான். மன்னிப்பு என்கிற வார்த்தை வரக்கூடாது, அது வந்தால் வக்கீல் வேண்டியிருக்கும். கோபமும் வேண்டாம், இன்றைக்கு அமைதியான கிருபாகரன்தான் புதுசு. பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்து, ஜலதோஷமா, மூக்கு சிவந்திருக்கிறதே என்றார். இல்லை என்றான். மாத்திரை வாங்கி வரச் சொல்லட்டுமா என்றார். இல்லை இல்லை என்றான், தேவைக்கு அதிகமான சத்தத்தில். அவர் ஒரு வினாடி நின்று, சரி என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரியாது. யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒன்று அவன், இன்னொன்று புனிதா அக்கா, அக்காவுக்கோ தனக்கு என்ன தெரியும் என்பதே தெரியாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும், கொளத்தூரில் அக்கா வீடு. அத்தான் மீன் வாங்கப் போயிருந்தார். அக்கா கூடத்துத் தரையில், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் எரிகிறது என்று அந்தப் பக்கம் திரும்பி, ஜன்னல் பார்த்து. அவன் சோபாவில் கால் நீட்டி ஆடிக்கொண்டிருந்தான், எதிரே யாரோ ஜப்பான்காரன், சும்மா கை பழக. அத்தானுக்கு மறுபடி சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தாமலே, "இப்ப ஓங்கி ஒண்ணு போடப் போற" என்றாள். சம்மட்டி விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. சர்க்கரை, காலில் புண், டாக்டர், "ம், போடு", சம்மட்டி. மூன்றாவது தடவைதான் அவன் கை நின்றது. திரும்பிப் பார்த்தான். அவள் முதுகு. ஜன்னல் கண்ணாடியில் டிவி தெரிகிறதா என்று எழுந்துபோய் பார்த்தான், தெரியவில்லை, வெயில்தான் தெரிந்தது. எப்படிக்கா தெரியும் என்றான். அவள் திரும்பாமலே, "நீதான் மூக்க உறிஞ்சுவியே, அடிக்கிறதுக்கு முன்னாடி. கேரம் ஆடுறப்பவும் அப்படித்தான், சிவப்புக் காயி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு உறிஞ்சு. அப்பாகூடத் திட்டுவாரே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி சர்க்கரைக்குப் போய்விட்டாள். அவனுக்கு வெங்காயத்தின் நெடி நன்றாக ஏறியது, கண் எரிந்தது, அக்கா அவனைப் பார்த்து, ஒனக்கும் எரியுதா என்று கேட்டாள். கோயம்புத்தூர் மேடையில் ஜுலைகாவும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கை நீட்டினால் தொடும் தூரம். அன்றைக்குக் காதில் மாட்டும் ஹெட்போன் பழுதாகி, இரண்டு பேரும் வெறும் காதோடுதான் ஆடினார்கள்.

வீட்டுக்கு வந்து கோயம்புத்தூர் ஆட்டத்தின் இன்னொரு பதிவை எடுத்தான். திரைப் பதிவு இல்லை, அவன் சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கின் பதிவு, அணிக்காரர்கள் விளம்பரத்துக்கு எடுத்து அவனிடமும் ஒரு நகல் கொடுத்திருந்தார்கள். அதை யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. இப்போது கேட்டான். கூட்டத்தின் இரைச்சல், பொத்தான்களின் தடதடப்பு, அதற்குள்ளே ஒரு உறிஞ்சு. சின்னது, சளி பிடித்த பிள்ளை போல. அதைத் தொடர்ந்து சம்மட்டி. இன்னொரு உறிஞ்சு, இன்னொரு சம்மட்டி. ஒன்பது. இடையில் வெறுமனே ஒரு உறிஞ்சு இருக்காதா, ஒன்றே ஒன்று, அவளைத் தவறாக எழ வைத்திருக்கக்கூடிய ஒன்று, இருந்தால் போதும் என்று மூன்று தடவை ஆரம்பத்திலிருந்து கேட்டான். இல்லை. அவள் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறாள். கேட்டது தனக்கே தெரியாமல் கேட்டிருக்கிறாள். எப்படித் தெரியும்னு சொல்லத் தெரியல. அவள் சொன்னது நிஜம், எழுத்துக்கு எழுத்து நிஜம், அதற்குச் சாட்சி ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, அவன் மேஜை மேல், ஒரு கோப்பில். அது எட்டு மாதத்துக்கு முன்னால். எட்டு மாதத்தில் அவன் என்ன செய்தான்? உடனே சொல்லிவிடுவேன் என்று அன்றைக்கு நினைத்தான். நாளைக்கு என்று நினைத்தான். பாங்காக் போட்டி முடியட்டும் என்று நினைத்தான். அவளே ஆடுவதை விட்டுவிட்டாளே, இனி சொல்லி யாருக்கு என்ன என்று ஒருநாள் நினைத்தான், அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். நினைத்ததெல்லாம் போகட்டும், செய்தது ஒன்று உண்டு. மூக்கை நிறுத்தினான். வாயில் சூயிங்கம் போட்டு ஆடினான், மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி ஆடினான், வாயால் மட்டும் மூச்சு விட்டு ஆறு மாதம் பழகினான். அக்கா வீட்டுக்கே போய் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, இப்ப அடிக்கப் போறேனா சொல்லுக்கா என்று சோதித்தான். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துத் தப்புத் தப்பாகச் சொன்னாள். அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். ஜுலைகா சொன்னதற்கு அந்தக் கோப்பைத் தவிர இருந்த ஒரே சாட்சி அவன் மூக்கு. அதையும் கலைத்தாயிற்று.

உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தான். வராந்தாவில் கிழிந்த மாலையின் நாரும் சம்பங்கியும் பெருக்கி ஒரு மூலையில் குவித்திருந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினான், கண்ணாடியைப் பார்க்காமல் கழுவினான். ஒலிபெருக்கி, இன்னும் இரண்டு ஆட்டம் என்றது. இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டுமா? ஆட்டம் முடிந்து சொன்னால் என்ன? ஜெயித்துவிட்டுச் சொன்னால் பெருந்தன்மை என்பார்கள். தோற்றுவிட்டுச் சொன்னால் நடிப்பு என்பார்கள். சொல்லாமலே ஜெயித்தால்? சம்மட்டி போடுவேன், அவள் எழ மாட்டாள், ஏனென்றால் இப்போது சத்தம் இல்லை, பார்த்தீர்களா அன்றைக்குப் பெட்டியில் ஏதோ இருந்தது, இன்றைக்கு இல்லை, அதனால் தடுக்க முடியவில்லை என்பார்கள், எழுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள், அதோடு அது நிரூபணமாகிவிடும், பிறகு ஆண்டவனே வந்து சொன்னாலும் எடுபடாது. அது அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. குலுக்கலில் அவள் பெயரைப் பார்த்த அன்றே தெரியும். அன்றைக்கு அவன் பயந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது, ஈர முகத்தோடு வராந்தாவில் நிற்கும்போது, அன்றைக்குத் தனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. குழாயில் வந்த தண்ணீர் இன்னும் கழுத்து வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தனியாகத்தான் இருந்தாள். கறுப்பு அங்கி, தலையில் சாம்பல் நிறத் துணி, மடியில் அதே மரப்பெட்டி. ஒரு சின்னத் திருப்புளியால் பெட்டியின் நான்கு திருகையும் அவளே கழற்றிக் கீழ்ப்படியில் வரிசையாக வைத்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் திறந்து காட்டுவதற்காக. அவன் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஏதாவது சொல்வாள் என்று நின்றான், வசைகூட வந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் திருகுகள் உருண்டுவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு, அவன் இறங்கிப்போக வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒதுங்கினாள். அவனுக்குக் கீழே போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இறங்கினான், வேறென்ன செய்வது என்று தெரியாமல் இறங்கினான், அவளைத் தாண்டும்போது அவன் மூச்சே விடவில்லை.

கூடம் முழுக்க ஆட்கள். அவனைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது, போன்கள் மேலே எழுந்தன. மேடையில் நேற்றைய மணவறைப் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், பக்கத்துப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரம். இரண்டு பேருக்கும் ஹெட்போன் தயாராக இருந்தது, இந்தத் தடவை பெரியது, காதை முழுக்க மூடுவது. அவள் நாற்காலிக்கு மேலே மட்டும் ஒரு கம்பி நீட்டி, அவள் கைகளைப் பார்த்தபடி ஒரு கேமரா தொங்கியது. அமைப்புக்குழு அவளுக்கு அனுமதி கொடுத்ததே அந்த நிபந்தனையில்தான் என்று நடுவர் அவனிடம் ரகசியம்போல் சொன்னார், அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். பெயர்களை வாசித்தார்கள். அவள் வந்தாள், பெட்டியைத் திறந்து நடுவரிடம் காட்டினாள், அவர் விளக்கடித்துப் பார்த்துத் தலையாட்டினார், அவள் நான்கு திருகையும் மாட்டினாள். முதல் வரிசையில் வித்யாசாகர், சிரி என்று வாயைக் காட்டினார். கை கொடுக்க வேண்டிய நேரம். அவன் கையை நீட்டினான், அவள் நுனிவிரலால் தொட்டாள். அப்போது அவன் சொன்னான், இவ்வளவு சின்னக் குரல் தனக்கு உண்டு என்று அவனுக்கே தெரியாது.

"நீ ஏமாத்தல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். புரியாத மாதிரி பார்த்தாள். சம்மட்டி போடுவதற்கு முன்னால் தான் மூக்கை உறிஞ்சுவதையும், அது பதிவில் ஒன்பது தடவையும் கேட்பதையும் அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. உதடு லேசாகத் திறந்தது, எங்கேயோ வைத்துவிட்டு வருஷக்கணக்கில் தேடிய பொருளைத் தன் கையிலேயே பார்த்தவள் மாதிரி. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அறுபது துண்டு. நேற்றுதான் என்று சொல்லலாம். போன வாரம் என்று சொல்லலாம். அவள் எங்கே போய் விசாரிக்கப் போகிறாள்.

"எட்டு மாசமா தெரியும்" என்றான்.

நடுவர், நேரமாகிறது, உட்காருங்கள் என்றார். அவள் உட்காரவில்லை. மேஜையில் கிடந்த அறிவிப்பு மைக்கை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுத்தான். என்ன பேசினான் என்று பிறகு பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்; பேசும்போது அவன் காதில் விழுந்தது முதல் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் மட்டும்தான், வித்யாசாகர் எழுந்து வெளியே போகிற சத்தம். நீளமாக இல்லை. கோயம்புத்தூரில் ஜுலைகா நேர்மையாக ஆடினாள், என் சத்தத்தைக் கேட்டுத்தான் தடுத்தாள், அதற்கான பதிவு என்னிடம் இருக்கிறது, இன்றைக்கே வெளியிடுகிறேன், எட்டு மாதமாகத் தெரிந்தே மறைத்தேன், அந்த வீடியோ பொய். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவன் என்னவோ கத்தினான், இன்னொருவன் அவனை அடக்கினான். நடுவர் தலையைக் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். அவள் அங்கிப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டு, ஒரு நிமிஷம் வாப்பா என்று சொல்லி, அவனிடம் நீட்டினாள்.

"எங்க வாப்பாட்ட சொல்லுங்க."

அவன் வாங்கினான். மறுபக்கம் கடை. யாரோ சார்ஜர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தெருவில் ஆட்டோ போனது. அவன் தன் பெயரைச் சொன்னான். கடையில் சத்தம் குறைந்தது, அவர் ஒதுங்கி வந்திருக்க வேண்டும். பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லைங்க, தப்பு என் மேலதான், இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் என்றான். வசையை எதிர்பார்த்துப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா தம்பி" என்றார் காதர் மைதீன். "நான் வயர் வெச்ச பெட்டி." பிறகு குரல் இறங்கியது. "தெரிஞ்சிருந்தும் ஒருநாள் அவகிட்டக் கேட்டுட்டேன். நெசத்தச் சொல்லு, உள்ள எதுவும் வெச்சியான்னு கேட்டுட்டேன். அதுக்கு அப்புறம் பத்து மாசம் அவ அந்தப் பெட்டியத் தொடல."

அவர் வைத்துவிட்டார். அவள் போனை வாங்கிப் பையில் போட்டாள், வாப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. உட்கார்ந்தாள். நடுவர், இனி அது தேவையில்லை என்று சொல்லி மேலே இருந்த கேமராவைத் திருப்பக் கை நீட்டினார். அவள், இருக்கட்டும் என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் கேமராவின் கீழே வைத்தாள்.

முதல் ஆட்டத்தை அவள் ஜெயித்தாள். அது மட்டும்தான். பதினான்கு மாதம் ஆடாத கை, அதில் பத்து மாதம் பெட்டியைத் தொடவே இல்லாத கை; அடி என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, விரல் போய்ச் சேர ஒரு மயிரிழை நேரம் கூடுதலாக எடுத்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு அது தெரிந்தது. திரையைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, அதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று இன்னொரு நினைப்பு அதை அடித்தது. ஆடினான். நான்கு தடவை சம்மட்டியைப் போட்டான். நான்கு தடவையும் விழுந்தது. மூன்றுக்கு ஒன்று. அவன் ஜெயித்தான்.

அவள் வயரைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தாள். அவன் எழுந்து நின்றான், கை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். நடுவர் வந்து, குழு உங்களை உடனே பார்க்க வேண்டும் என்கிறது, அடுத்த ஆட்டம் அநேகமாக இருக்காது என்றார். சரி என்றான். அவள் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கப்போனவள் நின்றாள்.

"அடுத்த மாசம் திருச்சில ஒரு போட்டி இருக்கு. ஒங்கள ஆட விடுவாங்களா?"

விட மாட்டார்கள் என்று நினைப்பதாகச் சொன்னான்.

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "விட்டா வாங்க" என்றாள். "அதுக்குள்ள எனக்குக் கை வந்துரும்."